இடப்பக்கம் வளையும் பந்து

கொல்ஃப் விளையாட்டில் பந்தை நேராக அடிப்பதுதான் கஷ்டம். வளைத்து அடிப்பது பழகப் பழக யாருக்கும் வந்துவிடும். இதைச் சொன்னால் ஆட்கள் நம்புவதில்லை. நீங்களும் சிரிக்கிறீர்கள், இன்ஷாப் சேர். பரவாயில்லை. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிவிடும். இது கடையில் விற்கிற தூள் இல்லை. எனக்கென்று தொழிற்சாலையில் எடுத்து வைக்கச் சொன்னது.

இரத்தினபுரியிலிருந்து இந்த மலைப் பாதையில் பஸ்ஸில் ஆடி ஆடி வந்திருக்கிறீர்கள், ஒரே ஒரு படத்தைக் காட்ட. மேசையில் வைத்திருக்கிறீர்கள். செத்துப்போன ஒரு பெண்ணின் இடது காதுக்கு மேலே, முடியை மழித்த இடத்தில், வட்டமாகக் கன்றிப்போன ஓர் அடையாளம். அந்த வட்டத்துக்குள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவளுடைய புருஷன் முத்துவீரன் கல்லால் அடித்துக் கொன்றான் என்கிறது பொலிஸ். எந்தக் கல்லில் இப்படி ஒழுங்காகப் பள்ளம் இருக்கும் என்று கேட்கிறீர்கள். முத்துவீரனின் சட்டத்தரணி நீங்கள், கேட்க வேண்டியதுதான். அவன் மறியலில், சிறைக்குள் கிடக்கிற இந்த ஐந்து மாதத்தில் வேறு யாரும் கேட்கவில்லை.

அது கல் இல்லை. சொல்கிறேன். ஆனால் நடுவிலிருந்து சொன்னால் என்னைத் தவறாக நினைப்பீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு முப்பத்தைந்து வயது. இந்தத் தோட்டத்தில் உதவி மேனேஜராக வந்து மூன்று வருஷம் ஆகிறது. லயத்து ஆட்கள், வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளிகள், என்னைச் சின்ன தொரை என்பார்கள். மேனேஜர் பெரிய தொரை. அவர் கண்டிப் பக்கத்துப் பெரிய குடும்பத்துச் சிங்களவர், நல்ல மனிதர். வந்த புதிதில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கொல்ஃப் ஆடுவாயா என்பதுதான். இல்லை என்றேன். "விளையாடத் தெரியாதவன் கடைசிவரை கிளார்க்தான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு கொல்ஃப் மைதானம் எங்கள் தோட்டத்தில் காடாகிக் கிடந்தது. பெரிய தொரை அதில் ஆறு குழிகளை மட்டும் வெட்டித் துப்புரவாக்கி, புல் பிடிக்க வைத்தார். கொழும்பிலிருந்து கம்பனிக்காரர்கள் வந்தால் ஆடுவதற்கு. அந்த வேலையை முன்னால் நின்று பார்த்தவன் நான். அதில் ஒரேயொரு தொல்லைதான் இருந்தது. மூன்றாவது குழிக்குப் போகிற புல்வெளி, நூற்றைம்பது யார் தூரம் நேராகப் போய், ஒரு டர்பன்டைன் தோப்பைச் சுற்றி இடது பக்கம் திரும்புகிறது. தோப்புக்கு அந்தப் பக்கம் லயத்துப் பெண்கள் பீலிக்குப் போகிற பாதை. பீலி என்றால் தெரியும்தானே, மலை ஊற்றிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழுகிற இடம். குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் அறுபது குடும்பத்துக்கும் அது ஒன்றுதான்.

பாதையை மூடச் சொன்னார் பெரிய தொரை. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் போர்ட் எழுதி நட்டேன். யாரும் கேட்கவில்லை. காலையில் அந்தப் பக்கம் போனால் பாதையெல்லாம் வெற்றிலை எச்சில், சவர்க்கார நுரை, பிள்ளைகள் போய் வைத்த அசிங்கம். பக்கத்தில் வெல்வெட் மாதிரிப் புல். உங்களுக்கு எப்படியோ, நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடப்பேன்.

எனக்கு அந்த வாடை சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. இதை இங்கே யாருக்கும் சொன்னதில்லை. நான் நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஏழு பேர். அடுப்புப் புகை, நனைந்த சாக்கு, அட்டைக் கடிக்குப் பூசிய சுண்ணாம்பு, தாத்தாவின் சளிச் சட்டி எல்லாம் சேர்ந்து ஒரு வாடை வரும். பள்ளிக்கூடத்துக்கு நான் அதைச் சட்டையில் சுமந்துகொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காரும். நானாக இருந்தாலும் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். படித்தேன், கம்பஸ் போனேன், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அப்பா இரத்தினபுரி டவுனில் கடை வைத்திருந்தவர் என்று எழுதினேன். யாரையும் கெடுக்கிற பொய் இல்லை அது.

சரி, பந்துக்கு வருகிறேன்.

கொல்ஃப் பையில் இருக்கிற மட்டைகளிலேயே நீளமானது டிரைவர். தலை கைமுட்டியைவிடப் பெரிது. முதல் அடியைத் தூரத்துக்கு அடிக்கத்தான் அது. ஆரம்பத்தில் நான் டிரைவரில் அடித்த பந்தெல்லாம் நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்பக்கம் சரிந்து, தேயிலைக்குள் போய் விழும். புதிதாகப் பழகுகிற எல்லோருக்கும் அப்படித்தான். மூன்றாவது குழிக்கு அது சரிப்படாது. அங்கே பந்து தோப்பைச் சுற்றி இடது பக்கம் வளைய வேண்டும். அந்த அடிக்கு டிரோ என்று பெயர்.

ஒருநாள் பெரிய தொரை கம்பனி ஆட்களுக்கு முன்னால், "சுமன், நீ மட்டையை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னார். எனக்கு உள்ளங்கை கூசியது. என் அப்பா இருபது வருஷம் மண்வெட்டி பிடித்தவர். அன்றைக்கு பங்களாவுக்கு வந்து கையை மூன்று தடவை கழுவினேன்.

அதற்குப் பிறகுதான் டிரோ பழகினேன். போனில் வீடியோ பார்த்து, சாயங்காலக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் தனியாகப் போய் அடிப்பேன். இடது கையைப் பிடியின்மேல் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டி வைக்க வேண்டும். குனிந்து பார்த்தால் மூன்று விரல் முட்டி தெரிய வேண்டும். பந்தை அதைத் தாங்குகிற சின்ன மர ஆணியில் உயரமாக, இடது குதிகாலுக்கு நேரே வைக்க வேண்டும். பாதமும் இடுப்பும் தோளும் இலக்குக்கு வலப்பக்கம் பார்க்க வேண்டும். மட்டையின் முகம் மட்டும் அவ்வளவு தூரம் வலப்பக்கம் போகக் கூடாது. பிறகு மட்டையை உடம்புக்குக் கிட்டவிருந்து வெளிப்பக்கமாக வீச வேண்டும். பலமாக அடிக்கப் பார்த்தால் கெட்டது. மட்டை தானாகப் போகிறது என்று விட்டுவிட வேண்டும்.

இரண்டு மாதம் எடுத்தது. முதல் தடவை சரியாக வந்தபோது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, வெண்ணெயை வெட்டினது போல. பந்து தோப்புக்கு வலப்பக்கம் கிளம்பி, உச்சிக்குப் போய், இறங்கும்போது மெதுவாக இடது பக்கம் திரும்பி, தோப்புக்குப் பின்னால் மறைந்தது. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. சிரிக்காதீர்கள்.

பழகுகிற காலத்தில் சில பந்து அளவுக்கு மீறி வளைந்து பாதையில் விழுந்தது உண்மை. பெண்கள் கத்துவார்கள். கானைத் தாண்டி ஓடுகிற சத்தம் கேட்கும். கான் என்றால் மழைத் தண்ணீர் வடிய மலையோரம் வெட்டி விடுகிற வாய்க்கால். பாதை நெடுகிலும் ஒன்று போகிறது, இடுப்பளவு ஆழம்.

அப்படி ஒருநாள்தான் புஷ்பம் பந்தைக் கொண்டுவந்தாள். உங்கள் படத்தில் இருக்கிறவள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, எந்நேரமும் வெற்றிலை. உதட்டோரத்தில் வந்து நின்ற சிவப்பு எச்சிலைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் பந்தை நீட்டினாள். பந்தின் மேலிருக்கிற சின்னச் சின்னப் பள்ளங்களுக்குள் அந்தச் சிவப்பு இறங்கியிருந்தது.

"சின்ன தொரை, இது ஒங்க பந்துங்களா? தண்ணி எடுக்கப் போன புள்ளைக்கு முன்னால வந்து விழுந்துச்சு. ஒரு அடி இப்புடி விழுந்திருந்தா அது மண்ட தெறிச்சிருக்கும்ங்க."

"அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு போர்ட் இருக்குதானே?"

"போர்ட் இருக்குதுங்க. பீலியும் அங்கதானுங்களே இருக்கு. சுத்திப் போனா ஒரு கட்டை தூரம். தண்ணியத் தூக்கிக்கிட்டு எவ நடப்பா?"

அவள் போகவில்லை. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தொரை, தப்பா நெனைக்காதீங்க. நீங்க நிவித்திகல அங்கம்மா அக்கா மகன்தானே? நான் கீழ் லயத்து சுப்பையா மகளுங்க. கொழுந்துக்குப் போற நேரம் ஒங்கள எங்கிட்டதான் குடுத்துட்டுப் போகும். இடுப்புலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த எச்சில் வாயும், அந்த இடுப்பும், அதில் நான் உட்கார்ந்திருந்ததும்.

"ஆள் மாறிப் பேசுறீங்க. எங்கப்பா டவுன்ல கடை வச்சிருந்தவர்" என்றேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரிங்க தொரை. நான்தான் ஆள் மாறிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னிடமும் இல்லை, நான் விசாரித்தவரையில் மற்றவர்களிடமும் இல்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது மற்றவர்கள் மாதிரியே தலையைக் குனிந்து நிற்பாள். ஆனால் நிமிரும்போது அந்தச் சிரிப்பு இருக்கும். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற சிரிப்பு. ஒரு கொழுந்து பறிக்கிறவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது சோற்றில் மயிர் கிடப்பது போல. எடுத்துப் போட்டாலும் சாப்பிட முடியாது.

நான் பொறுப்பில்லாதவன் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் வந்து சொன்ன பிறகு, மூன்றாவது குழியில் யார் ஆடினாலும் பாதையில் ஒரு காவல்காரர் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். கொடியை என் கையால் தைக்கக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து இரண்டு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். பெரிய தொரையும் நானும் சேர்ந்து நாலு பேர். இரண்டாவது குழி முடிந்தபோது, விருந்தாளிகளில் வயதானவருக்கு வெயில் தாங்கவில்லை, யாராவது குடை பிடித்தால் நல்லது என்றார். காவல்காரரைக் கூப்பிட்டேன். கொடி பாதையோரம் ஒரு கிளையில் தொங்கியது.

மூன்றாவது குழியில் மற்ற மூன்று பேரும் அடித்து முடித்தார்கள். எல்லாப் பந்தும் வலப்பக்கம் போனது. கடைசியாக நான். "இன்றைக்காவது தேயிலைக்குள் அடிக்காதே" என்றார் பெரிய தொரை. நான் பாதங்களை வைத்து, தோளைத் திருப்பி, இலக்கைப் பார்த்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். டர்பன்டைன் மரங்களுக்கு இடையில் ஒரு சிவப்புத் துண்டு போவதைப் பார்த்தேன். தலையில் கட்டுகிற துண்டு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் புஷ்பம் துணி துவைக்கப் போவாள். எனக்குத் தெரியும். அங்கே அத்தனை நாள் அடித்துப் பழகியவனுக்கு யார் எப்போது போவார்கள் என்பது தெரியாமல் இருக்குமா? ஆள் இருந்தால் 'ஃபோர்' என்று கத்த வேண்டும், அது இந்த விளையாட்டின் மரியாதை. கத்தியிருக்கலாம். ஆனால் மட்டையை மேலே தூக்கிய பிறகு கத்தினால் உடம்பு இறுகிவிடும், அடி கெட்டுவிடும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் குறி பார்த்து அடித்தேனா என்று கேட்கிறீர்கள். இருநூறு யார் தூரத்தில், மரத்துக்குப் பின்னால் நடக்கிற ஓர் ஆளைக் குறி பார்த்து அடிக்க உலகத்தில் யாராலும் முடியாது. முடிந்திருந்தால் அடித்திருப்பேனா என்பது வேறு கேள்வி. அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை.

கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. பந்து வலப்பக்கம் கிளம்பியது, ஏறியது, திரும்பியது. தோப்புக்குப் பின்னால் மறைந்தது. பீலிக் கல்லில் ஈரத்துணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். துணிச் சத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மரு ஷொட், சுமன்!" என்றார் பெரிய தொரை, பிரமாதமான அடி என்று. வயதானவர் கை தட்டினார். மூன்று வருஷத்தில் பெரிய தொரை என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

அவர்கள் வலப்பக்கம் தங்கள் பந்துகளைத் தேடிப் போனார்கள். நான் தனியாக இடது பக்கம் போனேன். அவள் பாதையில் இருந்தாள். துணிவாளி கவிழ்ந்து, துவைக்காத துணியெல்லாம் சேற்றில். பந்து இரண்டடி தள்ளிக் கிடந்தது. எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்து, புல்லில் நல்ல இடமாகப் பார்த்து வைத்து, அடுத்த அடியை அடித்தேன். விதிப்படி அப்படிப் பந்தை நகர்த்துவது பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆறு குழியும் முடிந்து பெரிய தொரையின் பங்களாவில் பகல் சாப்பாடு. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. இந்தப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், வானத்தைக் கவிழ்த்தது போலப் பெய்யும். நாலு மணிக்கு மழை விட்டு, தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் அவளைக் கானில் கண்டார்கள்.

முத்துவீரனைப் பற்றி நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. அவன் குடிகாரன். வெள்ளிக்கிழமை அவளோடு சண்டை போட்டதை லயமே பார்த்தது. திங்கட்கிழமை பொலிஸார் கூட்டிப்போனபோது வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது, வேட்டியில் மூத்திர வாடை. அவனுக்குச் சந்தையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். சார்ஜண்டுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று பெரிய தொரைக்குப் போன் வந்தது. அவர் என்னை அனுப்பினார். நானாகப் போகவில்லை.

முத்துவீரன் என் காலைத் தொட வந்தான். விலகிக்கொண்டேன். "தொரை, நீங்க வந்தது சாமி வந்த மாதிரிங்க" என்றான். பிறகு சொன்னான், அழுதுகொண்டே: "வெள்ளிக்கெழம சண்டையில அவளத் தள்ளிவுட்டேனுங்க. அது உண்ம. ஞாயித்துக்கெழம நான் லயத்துலயே இல்லிங்க. றக்வானயில பஸ் நிக்கிற எடத்துல குடிச்சுட்டுக் கெடந்தேன்."

சார்ஜண்ட் பேனாவோடு என்னைப் பார்த்தார். "மொகத கியன்னே?" என்ன சொல்கிறான் என்று.

மனைவியைத் தள்ளிவிட்டதாகச் சொல்கிறான் என்றேன். தள்ளுவதற்குச் சிங்களத்திலும் தல்லு என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே காதில் வாங்கிவிட்டார், தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். வெள்ளிக்கிழமை என்பதை விட்டுவிட்டேன். றக்வானையையும் விட்டுவிட்டேன், குடித்துவிட்டுக் கிடந்ததற்கு யார் சாட்சி சொல்லப்போகிறார்கள்? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இரண்டு சொல் சொல்லவில்லை, அவ்வளவுதான். கல் என்பது என் வாயிலிருந்து வரவில்லை, அது சார்ஜண்டின் ஊகம். கடைசியில் அவன் தாளில் பெருவிரலை அழுத்திவிட்டு, "நல்லா இருப்பீங்க தொரை" என்றான்.

அவனுடைய மகள் சுகந்தினியை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அவிசாவளையில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவள். அவள்தானே உங்களைப் பிடித்திருப்பாள். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து இந்த விறாந்தைக்கு வந்தாள், ஒரு பையில் கொய்யாப்பழத்தோடு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பாவுக்காக ஸ்டேஷனுக்கு வந்து பேசுனீங்களாமே. லயத்துல யாரும் வரலைங்க. நீங்கதான் வந்தீங்க."

"அது என் கடமை" என்றேன்.

"அம்மா எங்கிட்ட மட்டும் சொல்லிச்சுங்க, நீங்க எங்க அம்மா ஊருன்னு. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னும் சொல்லிச்சு. நம்ம லயத்துப் புள்ள ஒண்ணு தொரையா வந்திருக்கு, அது நல்லா இருக்கட்டும்னு." பையை மேசையில் வைத்தாள். "ஒங்கள மாமான்னு கூப்புடலாமுங்களா?"

கூப்பிடு என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் போன பிறகு அந்தக் கொய்யாப்பழத்தைத் தொட முடியவில்லை. சமையல்காரரும் தொடவில்லை, எனக்கென்று கொடுத்தது என்று மரியாதையாக விட்டுவைத்தார். மேசையிலேயே பழுத்து, வெடித்து, கொசு மொய்த்து, தண்ணீர் விட்டது. ஒரு வாரம் பங்களா முழுக்க அந்த இனிப்பு நாற்றம். அதற்குப் பிறகு இன்றுவரை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்குவதில்லை. கையில் எதையாவது எடுத்தால் முகர்ந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இப்போதுகூடப் பார்த்தீர்கள், கோப்பையை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தேன். டாக்டரிடம் காட்டினேன், மூக்கில் ஒன்றுமில்லை என்றார்.

நான் ஏன் இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். முத்துவீரனுக்காக என்று நினைக்க வேண்டாம். அவன் வெளியே வந்தால் குடிப்பான். எனக்குப் பொறுக்காதது வேறு. குற்றப்பத்திரத்தில் 'கல்லால் அடித்து' என்று எழுதியிருக்கிறார்கள். லயத்துக் குடிகாரன் ஒருவன் தெருவில் கிடக்கிற கல்லை எடுத்து மண்டையில் போடுவதும் அந்த அடியும் ஒன்றா? நான் வாழ்க்கையில் அடித்த அடிகளிலேயே சுத்தமான அடி அது. அதை அப்படி எழுதிவைத்திருப்பதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினேன்.

இப்போது இன்னொரு தாளை எடுத்து வைக்கிறீர்கள். வைத்திய அறிக்கையின் இரண்டாம் பக்கம். நுரையீரலில் சேற்றுத் தண்ணீர். தலையில் பட்ட அடியால் சாகவில்லை, மூச்சுத் திணறிச் செத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறது. அதற்கு அர்த்தம் எனக்கும் தெரியும். பந்து பட்ட இடம் பாதை. கண்டெடுத்த இடம் கான். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டடி. அதைத்தானே கேட்கிறீர்கள்?

நான் போனபோது அவள் உட்கார்ந்திருந்தாள், சேர். இடது காதைப் பொத்திக்கொண்டு, பாதையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கண் என் மேல் நிற்கவில்லை, எங்கோ போனது. ஆனால் நான் என்று தெரிந்துகொண்டாள்.

"தம்பி," என்றாள். "கண்ணு தெரியல தம்பி. கொஞ்சம் கையப் புடிச்சு ஊட்டுல விட்டுரு."

அப்போது பெரிய தொரையின் பேச்சுக் குரல் தோப்பைச் சுற்றிக் கிட்ட வந்துகொண்டிருந்தது. நாலாவது குழிக்கு அந்தப் பாதையைக் கடந்துதான் போக வேண்டும். கொழும்பு ஆட்கள் வந்து பார்த்தால் என்னவாகும்? அவள் வாயில் எச்சிலும் ரத்தமும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் தம்பி என்று கூப்பிட்டிருப்பாள். பந்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, குனிந்து அவளைத் தூக்கினேன். பாரமே இல்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பாள், கழுத்தில் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள்.

கான் அப்போது காய்ந்திருந்தது. அவர்கள் கடந்து போகிற பத்து நிமிஷத்துக்குத்தான். அதில் படுக்க வைத்து, துணியையும் வாளியையும் பக்கத்தில் போட்டு, மேலே இரண்டு கொத்து மானாப் புல்லை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து எடுப்பதாகத்தான் இருந்தேன். பிறகு ஆட்டம் நன்றாகப் போனது. பிறகு சாப்பாடு. மழை பிடித்தபோது அவள் நினைவு வந்ததா என்றால், வந்தது. பெரிய தொரையின் யன்னலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மலையோரக் கான்களில் தண்ணீர் சிவப்பாக இறங்குவது தெரிந்தது. வயதானவர் என் டிரோவைப் பற்றித் திரும்பவும் கேட்டார், எப்படிப் பழகினாய் என்று. பாதியில் எழுந்து போவது மரியாதையாக இருந்திருக்காது.

முழுவதையும் சொல்லச் சொன்னீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. கானில் இறக்கியபோது அவள் என் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, ரத்தம் படாத கை அது. வெடுக்கென்று இழுத்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் குரல் கிட்ட வந்துவிட்ட அந்த அவசரத்திலும், அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரித்துவிட்டேன், வலிக்காமல். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.